கோழிக்கு வீசின தீனி: சேர்வராயன் மலையோட இன்னொரு வரலாறு



மே மாசம் கோடை விழா வந்துட்டா ஏற்காட்டுல எந்த வீட்டு வாசல்ல கோழி மேய்ஞ்சாலும் அதுக்கு விருந்துதான். மேல வர்றவங்க கையில இருக்கிற பிஸ்கட், சிப்ஸ், மிளகா பஜ்ஜி, பாதி கடிச்ச சாக்லேட்னு எல்லாத்தையும் வீசுறாங்க. "பாவம், அதுவும் திங்கட்டுமே"ங்கிற நல்ல மனசுதான், குத்தம் சொல்ல முடியாது. வாசல்ல வர்ற கோழிக்கு ஒரு கை தீனி வீசுறது நம்ம ஜனங்களுக்குப் பழைய பழக்கம். ஆனா என்ன வீசுறோம்ங்கிறது காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. மனுசன் தட்டுல என்ன மாறுச்சோ அது மறுநாளே கோழி வாயிலயும் மாறியிருக்கு.

"கோழிக்கு நொறுக்குத்தீனியா என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது?"னு பலரும் கேக்குறாங்க. பதில் சொல்ல பத்து வரி போதும், அதைக் கடைசியில எழுதியிருக்கேன். அந்தப் பத்து வரி எப்படி வந்துச்சுங்கிற கதையில நம்ம சேர்வராயன் மலை வரலாறு பாதி இருக்கு. ஜாவா தீவும் இங்கிலாந்தும் கூட நடுவுல வருது. பொறுமையா படிங்க.

தானியம் தேடி வந்த பறவை

கோழியை மனுசன் பிடிச்சுட்டு வந்து வளர்த்தான்னுதான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தோம். 2022-ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு வேற மாதிரி சொல்லுது. தாய்லாந்துல பான் நான் வாட்ங்கிற இடத்துல தோண்டி எடுத்த எலும்புகள்தான் வீட்டுக்கோழியோட பழைய தடயமாம். காலம் கி.மு. 1650-க்கும் கி.மு. 1250-க்கும் நடுவுல. அந்தப் பக்கம் ஜனங்க மானாவாரியா நெல்லும் சிறுதானியமும் விதைக்க ஆரம்பிச்சதும், காட்டுல இருந்த செங்காட்டுக்கோழி சிந்தின தானியத்தைப் பொறுக்க ஊர் ஓரத்துக்கு வந்து, அப்படியே தங்கிடுச்சுங்கிறது அவங்க கணக்கு. அதாவது மனுசனுக்கும் கோழிக்கும் உள்ள உறவே சிந்தின தானியத்துல ஆரம்பிச்சதுதான்.

நம்ம தமிழ் நூல்லயும் இதுக்குச் சாட்சி இருக்கு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்திப் பாடின பட்டினப்பாலையில, முற்றத்துல காயப்போட்ட தானியத்தைத் திங்க வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பொண்ணு காதுல கிடந்த கனமான குழையைக் கழட்டி எறிஞ்சதா வரும். அந்தப் பட்டினத்துச் செல்வத்தைக் காட்டுறதுக்காகப் புலவர் சொன்னது அது. என் கண்ணுக்குப் படுறது வேற. ஏறக்குறைய 2,000 வருசம் முன்னாடியே கோழி காயப்போட்ட தானியத்துக்கு வந்திருக்கு, வீட்டுப் பொம்பளை அதை விரட்டியிருக்கா. இன்னைக்கும் மொட்டை மாடியில நடக்குறது அதேதான், கையில குழைக்குப் பதிலா செருப்பு.

இன்னொரு சங்கதி நம்ம மலைக்காட்டுக்கு நெருக்கமானது. தென்னிந்தியக் காடுகள்ல கூவுற காட்டுக்கோழி, தாய்லாந்துச் செங்காட்டுக்கோழி ஜாதி கிடையாது. அது சாம்பல் காட்டுக்கோழி. புதுச்சேரிப் பக்கமெல்லாம் சுத்தின பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னேரா பேரைத்தான் அதோட அறிவியல் பேர்ல வெச்சிருக்காங்க. நாட்டுக்கோழியோட காலும் தோலும் மஞ்சளா இருக்குதுல்ல, அந்த மஞ்சளுக்கான மரபணு செங்காட்டுக்கோழிகிட்ட இருந்து வரல, இந்தச் சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்துதான் வந்திருக்குன்னு 2008-ல கண்டுபிடிச்சாங்க. அந்த மரபணு இருக்கிற கோழியில, பச்சைத் தழையிலயும் மஞ்சள் சோளத்துலயும் இருக்கிற மஞ்சள் சத்து உடைஞ்சு போகாம தோல்ல தங்குது. அதனால மஞ்சள் கால் நாட்டுக்கோழியோட கால் வெளுத்துக்கிட்டே வந்தா, தழை பத்தலையான்னு முதல்ல பாருங்க. நல்லா முட்டை வைக்கிற கோழிக்கும் கால் வெளுக்கும், அந்தச் சத்து மஞ்சள் கருவுக்குப் போயிடும். ரெண்டையும் சேர்த்துதான் கணக்கு போடணும்.

உரல்ல சாமை குத்தின காலம்

சேர்வராயன் மலையில பூர்வீகமா இருக்கிற மலையாளி ஜனங்க, தங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்றது வழக்கம். கேரளாவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்க மலையாளி. அவங்க சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. நெல்லுச்சோறு விசேச நாளைக்கு மட்டும்தான்.

சாமையை அறுத்து, களத்துல அடிச்சு, வீட்டுல சேர்த்து வெச்சாலும் அப்படியே உலையில போட முடியாது. அதோட உமி லேசுல போகாது. உரல்ல போட்டுக் குத்தணும், முறத்துல புடைக்கணும், திரும்பக் குத்தணும், திரும்பப் புடைக்கணும். ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு பொம்பளை மணிக்கணக்கா நின்னாகணும். கஷ்டமான வேலை, அதை யாரும் பெருமையா நினைச்சு ஏங்க வேண்டியதில்ல.

ஆனா அந்த வேலையில இருந்துதான் கோழிக்குத் தீனி வந்துச்சு. முறத்துல இருந்து பறக்குற கருக்கா, உடைஞ்ச நொய், மெல்லிசான தவிடு எல்லாம் முற்றத்துல விழும். கோழிக்குன்னு தனியா எதுவும் ஒதுக்கல, காசு குடுத்து வாங்கல. தவிட்டுலயும் தானியத்தோட முளைப்பகுதியிலயும்தான் பி வைட்டமின் இருக்குங்கிறது அப்போ யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே தானியத்தோட சத்துள்ள பாகம் தினமும் கோழிக்குப் போச்சு. இந்தத் தவிட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஜாவாவுக்குப் போகும்போது திரும்ப வரும்.

ரெண்டாவது தீனி கரையான். இது மலையில மட்டும் இல்ல, தமிழ்நாடு முழுக்க இருந்த பழக்கம். பழைய மண்பானையில காய்ஞ்ச சாணி, கிழிஞ்ச கோணி, மக்கின ஓலை இதையெல்லாம் அடைச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல சாயங்காலம் கவுத்து வெச்சுருவாங்க. காலையில பானையைத் தூக்கினா உள்ள கரையான் மொய்ச்சுக்கிட்டு இருக்கும். தாய்க்கோழி "கொக் கொக்"னு கூப்பிட, குஞ்சுங்க எல்லாம் ஓடி வரும். பொரிச்ச முதல் சில வாரம் குஞ்சுக்குப் புரதம் நிறைய வேணும். தானியத்துல அவ்வளவு கிடையாது, பூச்சியில உண்டு. இன்னைக்குக் கால்நடைத் துறைப் பயிற்சியிலயும் இதே பானை வித்தையைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க.

இதுல ஒரு விசயத்தைச் சொல்லாம விடக் கூடாது. எங்க பக்கத்துல கோழிக்காசு எப்பவும் பொம்பளைங்க காசு. காபித் தோட்டத்துக் கூலி வீட்டுச் செலவுக்குப் போகும், ஆம்பளைங்க கைக்கும் போகும். ஆனா ஒரு சேவலை வித்த காசு, பத்து முட்டை வித்த காசு அம்மாவோட முடிச்சுல இருக்கும். புள்ளைக்கு நோட்டுப் புத்தகம், சேலத்துக்குப் பெரியாஸ்பத்திரி போக பஸ் காசு எல்லாம் அதுலதான். அதனால கோழி என்ன திங்குதுங்கிறது பொழுதுபோக்குப் பேச்சு இல்ல. பொரிச்ச 12 குஞ்சுல எத்தனை தேறுதுங்கிறதுல அந்த வீட்டுப் பொம்பளையோட கையிருப்பு இருக்கு.

மலை ஏறி வந்த மரங்கள்

1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார். கூடவே ஆப்பிள், பேரி மாதிரி பழமரங்களும் வந்துச்சு. அவரோட கிரேஞ்ச் எஸ்டேட் பேர் இன்னைக்கும் இருக்கு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு தோட்டமா பெருகி, மலையோட முகமே மாறிப் போச்சு. சாமை விதைச்ச சரிவுல காபி ஏறுச்சு. காபிக்கு நிழலுக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து சில்வர் ஓக் வந்துச்சு. அதுல மிளகுக் கொடி ஏறுச்சு. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இலங்கை வழியா இந்தியாவுக்கு வந்த பட்டர் ஃப்ரூட்டும் பின்னாடி காபிக்கு நடுவுல இடம் பிடிச்சுக்கிச்சு.

கோழிக்கு இது என்ன கணக்குன்னு பார்த்தா, நம்ம மலைக்குக் காசு கொண்டு வர்ற ரெண்டு விளைச்சல் கோழிக்கு ஆகாதது.

முதல்ல காபி. காபியில இருக்கிற காஃபீன் கோழியோட இதயத்தையும் நரம்பையும் தாக்கும். காபித் தூள் வடிகட்டின சக்கை, டீத்தூள், பழம் உரிச்ச தொலி எதையும் கோழித் தீனியில கலக்காதீங்க. சாக்லேட்ல இருக்கிறதும் அதே குடும்பத்துச் சமாச்சாரம்தான், அதனால சாக்லேட்டும் கூடாது. காபித் தொலியைக் குழியில போட்டு மக்க வெச்சு எருவாக்குங்க, அதுக்கு அது அருமையானது.

ரெண்டாவது பட்டர் ஃப்ரூட். இந்த மரத்தோட இலை, பழத்தோல், கொட்டை இதுலயெல்லாம் பெர்சின்னு ஒரு நச்சு இருக்கு. மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது. பறவைக்கு இதயத்துல போய்த் தாக்கும். கூண்டுல வளர்க்குற கிளி, லவ் பேர்ட்ஸ் மாதிரி சின்னப் பறவைகளுக்கு ரொம்ப மோசம். கோழி கொஞ்சம் தாங்கும்னு சொல்றாங்க. தாங்குமான்னு சோதிச்சுப் பார்க்க நம்ம கோழி எதுக்கு? சீசன்ல வீட்டுக்கு வீடு பட்டர் ஃப்ரூட் ஜூஸ் போட்டுட்டு, தோலையும் கொட்டையையும் முற்றத்துல வீசுறது சாதாரணமா நடக்குது. அதை நிறுத்தணும்.

இதுக்கு நேர்மாறா, மலையில பழையதா இருக்கிற பலா, கொய்யா, வாழை எல்லாம் கோழிக்கு நல்லதுதான். பலாக்கொட்டையை வேக வெச்சு நசுக்கிப் போட்டா எவ்வளவு பிரியமா திங்கும்னு வளர்க்குறவங்களுக்குத் தெரியும். எந்தப் பொருள் கோழிக்கு ஆகும், எது ஆகாதுன்னு அறிய நம்ம பாட்டிமாருக்கு எத்தனையோ தலைமுறை கிடைச்சுது. காபிக்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் அந்த அவகாசம் கிடைக்கல. அனுபவம் இல்லாத இடத்துல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்.

மிளகாய் மட்டும் விதிவிலக்கு. அதுவும் அமெரிக்காவுல இருந்து போர்த்துகீசியர் காலத்துல வந்ததுதான். ஆனா பறவைக்கு மிளகா காரம் உறைக்காது, அதோட உடம்பு அமைப்பு அப்படி. விதையைத் தின்னு வேற இடத்துல எச்சம் போட்டுச் செடியைப் பரப்புறதே பறவைங்கதான். மிளகா விதையைக் கொத்தினா பயப்படாதீங்க. பஜ்ஜியில இருக்கிற எண்ணெயும் உப்பும்தான் கெடுதல்.

பட்டேவியா கோழிகள்

இப்போ ஜாவாவுக்குப் போவோம். அப்போ அது டச்சுக்காரங்க ஆட்சியில இருந்துச்சு. இன்னைக்கு ஜகார்த்தான்னு சொல்ற ஊருக்குப் பட்டேவியான்னு பேர். சிப்பாய்ங்க, கைதிங்க எல்லாம் பெரிபெரி நோயில கால் மரத்து, வீங்கி, நெஞ்சு அடைச்சுச் செத்துக்கிட்டு இருந்தாங்க. கிருமிதான் காரணம்னு நினைச்சு அதைத் தேட 1886-ல டச்சு அரசாங்கம் ஆள் அனுப்புச்சு. அதுல ஒருத்தர் கிறிஸ்டியான் எய்க்மன்ங்கிற டாக்டர்.

அவர் ஆய்வுக்கூடத்துல கோழி வளர்த்தாங்க. 1890-ஐ ஒட்டின காலத்துல திடீர்னு அந்தக் கோழிங்களுக்கு ஒரு நோய். கால் தள்ளாடும், நிக்க முடியாது, கழுத்து பின்னாடி வளைஞ்சு வானத்தைப் பார்த்த மாதிரி நின்னுடும், அப்புறம் சாவு. நோய் கொடுத்த கோழி, கொடுக்காத கோழி ரெண்டுக்கும் வந்துச்சு. எய்க்மனுக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நாள்ல, சொல்லி வெச்ச மாதிரி நோய் தானா நின்னு போச்சு. மிச்சம் இருந்த கோழிங்க தேறிடுச்சு.

விசாரிச்சுப் பார்த்தா காரணம் தீனி. கோழி பார்க்குற ஆள் செலவை மிச்சம் பிடிக்க, ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில மிஞ்சின வெள்ளை அரிசிச் சோத்தைக் கொண்டு வந்து போட்டிருக்கார். பிறகு சமையலறைக்குப் புது ஆள் வந்தார். ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிக்குக் கொடுக்க முடியாதுன்னுட்டார். திரும்பத் தவிடு போகாத அரிசி வந்துச்சு, கோழி பிழைச்சுக்கிச்சு. ஒரு சமையக்காரரோட கறார் உலக மருத்துவத்தையே திருப்பி விட்டுச்சுன்னு சொல்லலாம்.

எய்க்மன் திரும்பத் திரும்பச் சோதிச்சார். தீட்டின அரிசி போட்டா நோய் வருது, அதோட தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தா போகுது. அரிசியில ஏதோ நஞ்சு இருக்கு, தவிடு அதை முறிக்குதுன்னுதான் அவர் முதல்ல நினைச்சார். அவருக்குப் பிறகு அந்த வேலையை எடுத்த கிரைன்ஸ்தான் 1901-ல சரியான விளக்கம் சொன்னார்: தவிட்டுல உடம்புக்கு அவசியமான ஏதோ ஒண்ணு இருக்கு, அது இல்லாததுதான் நோய். 1912-ல காசிமிர் ஃபங்க் அந்த மாதிரிச் சத்துக்கு வைட்டமின்னு வர்ற பேரை வெச்சார். 1926-ல அதே ஜாவாவுல அரிசித் தவிட்டுல இருந்து அந்தச் சத்தைத் தனியாப் பிரிச்சாங்க. அதுதான் இன்னைக்குத் தயாமின்னு சொல்ற பி1. 1929-ல எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

இந்தக் கதை நம்ம பக்கமும் தொடர்ந்துச்சு. 1918-ல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன் இதே ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். அவர் புறாக்களுக்குத் தீட்டின அரிசி கொடுத்துப் பார்த்தார். அங்க வளர்ந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாச்சு. மெக்காரிசனுக்குப் பின்னாடி குன்னூர்ல இருந்த அய்க்ராய்டும் அவர் கூட இருந்தவங்களும் புழுங்கல் அரிசியை ஆராய்ஞ்சாங்க. நெல்லை அவிக்கும்போது உமி, தவிட்டுப் பக்கம் இருக்கிற சத்து கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடுது, தீட்டினாலும் முழுசாப் போறதில்ல. பச்சரிசியை விடப் புழுங்கல் மேல்னு பெரியவங்க சொன்னதுக்கு இது ஒரு காரணம்.

ரேஷன் அரிசி வந்த பிறகு

தமிழ்நாட்டுல 2008 செப்டம்பர் 15-லிருந்து ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய். 2011 ஜூன் 1-லிருந்து விலையே இல்ல. பசிக்கு இது பெரிய காவல், அதைக் குறைச்சுப் பேசுற ஆள் நான் இல்ல. மழை பொய்ச்ச வருசம், தோட்டத்துல வேலை இல்லாத மாசம், அந்த அரிசிதான் மலை வீடுகள்ல உலை கொதிக்க வெச்சுது.

ஆனா கூடவே ஒண்ணு நடந்துச்சு. அரிசி வீட்டுக்கு வந்ததும் சாமை குத்துற வேலை குறைஞ்சுது. உரல் வாசல் ஓரத்துக்குப் போச்சு, சில வீட்ல செடி வைக்கிற தொட்டி ஆச்சு. குத்துறது நின்னதும் தவிடு நின்னுச்சு, நொய் நின்னுச்சு, கருக்கா நின்னுச்சு. கோழிக்கு மிஞ்சினது தீட்டின வெள்ளை அரிசியும் வடிச்ச சோறும். பட்டேவியா கோழி சாப்பிட்ட அதே தீனி.

அப்போ நம்ம கோழிக்கெல்லாம் ஏன் கழுத்து வளையலன்னு கேக்கலாம். நம்ம கோழி வெளிய மேயுது, அதான். காபிச் செடிக்கு அடியில குப்பையைக் கிளறி, புழு, பூச்சி, தழை, விதைன்னு தனக்கு வேணுங்கிறதை அது தேடிக்குது. அரிசியில இல்லாததைக் காடு குடுத்துடுது. சிக்கல் எப்போன்னா அடைச்சு வைக்கும்போது. ஐப்பசி, கார்த்திகை மழையில நாள்கணக்கா கூட்டை விட்டு இறக்க முடியாது. கீரி, பருந்து, தெருநாய்க்குப் பயந்து வலை அடிச்சு உள்ளேயே வளர்க்குறவங்களும் இப்போ அதிகம். அந்தக் கோழிக்கு வெறும் ரேஷன் அரிசியை மட்டும் போட்டா, வயிறு நிறையும், உடம்பு தேறாது. முட்டை குறையும், குஞ்சு சோர்ந்து நிக்கும். "ஏதோ சீக்கு"ன்னு மருந்துக்கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி தீனித் தட்டைப் பாருங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சு, சாமைக்குத் திரும்ப மரியாதை வந்துச்சு. நகரத்துக் கடையில சாமை இப்போ அரிசியை விட விலை. மில்லுல இயந்திரம் வெச்சு உமி நீக்குறாங்க, தவிடும் அங்கேயே நின்னுடுது. சாமை வந்தாலும் தவிடு முற்றத்துக்கு வர்றதில்ல.

நாமக்கல்லும் பூஞ்சைப் புண்ணாக்கும்

கீழ, 1997 வரைக்கும் சேலம் மாவட்டத்துல இருந்த நாமக்கல், முட்டைக்குப் பேர் போன ஊராச்சு. கூண்டுல லட்சக்கணக்கா கோழி. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் எல்லாம் அளந்து கலந்த தீவனம். அந்த முட்டைதான் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நம்ம மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் வருது. அதுல நாம கத்துக்க வேண்டியது அளவு. முட்டையிடுற கோழி ஒரு நாளைக்கு 100-லிருந்து 120 கிராம் தீவனம் எடுக்கும். அதுல நொறுக்குத்தீனி பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு. அதாவது கோழிக்கு 10 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி கூட இல்ல. அதுக்கு மேல போனா சத்துள்ள தீவனத்துக்கு வயித்துல இடம் இருக்காது.

சேலத்துப் பக்கத்து இன்னொரு பொருள் மரவள்ளி. 1940-கள்ல இருந்து ஜவ்வரிசித் தொழில் இங்க வளர்ந்துச்சு. கிழங்கை நல்லா வேக வெச்சுக் கொடுக்கலாம். பச்சைக் கிழங்குத் தோல், பச்சை இலை வேண்டாம், அதுல சயனைடு உண்டாகும். மொச்சை, பீன்ஸ் காய்ஞ்ச விதையையும் வேக வைக்காமப் போடாதீங்க.

கடலைப் புண்ணாக்கு பத்தி ஒரு கதை. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க காரணம் தெரியாம செத்துச்சு. என்னன்னே புரியாததால நோய்க்கு "எக்ஸ்"னு பேர் வெச்சாங்க. தேடிப் போனா, எல்லாம் பிரேசில்ல இருந்து வந்த ஒரு கடலைப் புண்ணாக்கு. அதுல பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. அந்தப் பூஞ்சை விடுற நஞ்சுக்குத்தான் அஃப்லாடாக்சின்னு பேர் வந்துச்சு. ஈரலைக் கெடுக்குற நஞ்சு அது. வேக வெச்சாலும் வெயில்ல காய வெச்சாலும் முழுசாப் போகாது.

நம்ம மலைக்கு இது ரொம்பப் பொருந்தும். பனியும் சாரலும் இருக்கிற மாசத்துல மூட்டை தானா ஈரம் இழுக்கும். பூசணம் பிடிச்ச கடலை, புண்ணாக்கு, சோளம், பழைய ரொட்டி, "நாம திங்க முடியாது, கோழியாவது திங்கட்டும்"னு வீசுறது நம்ம ஊர்ல பெரிய வழக்கம். மனுசனுக்கு ஆகாத பூசணம் கோழிக்கும் ஆகாது. அந்தக் கோழியோட முட்டையும் ஈரலும் திரும்ப நம்ம தட்டுக்குத்தான் வருது.

சரி, என்னதான் போடுறது?

சொன்ன மாதிரி பத்து வரி:

1. சாமை, தினை, கம்பு, கேழ்வரகு. ஒரு கோழிக்கு ஒரு சிட்டிகை கணக்குல, சாயங்காலம் கூட்டுக்குக் கூப்பிடும்போது.
2. அரிசி போட்டா கூடவே தவிடு கலந்து போடுங்க. தவிடு புதுசா இருக்கணும், சிக்கு வாடை அடிச்சா வேண்டாம்.
3. கீரை, முள்ளங்கி இலை, முட்டைக்கோஸ் மேல் இலை. கட்டித் தொங்க விட்டா கொத்திக் கொத்தித் திங்கும். அடைச்சு வெச்ச கோழிக்கு அது வேலையும் ஆகும், ஒண்ணை ஒண்ணு கொத்துறதும் குறையும்.
4. குஞ்சுக்குக் கரையான். மருந்து அடிச்ச இடத்துக் கரையான், பூச்சி வேண்டவே வேண்டாம்.
5. கொய்யா, வாழை, பப்பாளி, பூசணி, வெந்த பலாக்கொட்டை. பழம் இனிப்புங்கிறதால கொஞ்சமா.
6. முட்டை ஓட்டைக் காய வெச்சு நல்லாப் பொடிச்சுப் போடுங்க. ஒரு முட்டை ஓடு 5 கிராமுக்கு மேல, கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்பு. மலை மண் புளிப்பு மண், காபிக்கே சுண்ணாம்பு போடுறோம், கோழிக்கும் வேணும். முழு ஓடா போட்டா முட்டையைக் கொத்திப் பழகும்.
7. தானியம் திங்குற கோழிக்குப் பொடிக்கல், மணல் கிடைக்கணும். பல் இல்லாத பறவை கல்லை வெச்சுத்தான் உள்ள அரைக்குது.
8. பட்டர் ஃப்ரூட், காபி, டீத்தூள், சாக்லேட் கூடவே கூடாது.
9. சிப்ஸ், மிக்சர், ஊறுகாய், உப்பு போட்டது, எண்ணெயில பொரிச்சது, பூசணம் பிடிச்சது எதுவும் வேண்டாம்.
10. மிஞ்சினதை ராத்திரிக்கு விடாதீங்க. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

மேல சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கும் இதே விண்ணப்பம்தான். கோழிக்கு ஏதாவது போடணும்னு ஆசையா இருந்தா வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க. ஒரு கை தானியம் அவங்களே குடுப்பாங்க. குழந்தைங்க கையாலயே போட்டுப் பார்க்கட்டும்.

என்னோட காபித் தோட்டத்து ஓரத்துல ஒரு பத்து சென்ட், மரம் வைக்காம வெயில் விழுற இடம் இருக்கு. அதுல ஆடியில சாமை விதைக்கிறேன். அதை வித்துக் காசாக்குற அளவுக்கு வராது. வீட்டுக்கு நாலு நாள் சோறு, மிச்சம் கோழிக்கு. உமியோடவே போட்டாலும் கோழி பார்த்துக்கும், அதுக்குள்ளயே கல் உரல் இருக்கு. இடம் இருக்கிறவங்க ஒரு மூலையில விதைச்சுப் பாருங்க. விதை வேணும்னா நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் இன்னும் சாமை போடுற பெரியவங்க வீட்ல கேட்டா ஒரு படி கிடைக்கும். அவங்ககிட்ட இருக்கிறவரைக்கும்தான் அந்த விதை.